மகனுக்கு ஏன் இப்படி? அடுத்த குழந்தைக்கும் வருமா?

கேள்வி:

டாக்டர், எனக்கு வயது 26. தென்காசி மாவட்டத்தில் ஒரு கிராமம். அத்தை மகனைத்தான் கட்டியிருக்கிறேன். பையனுக்கு மூன்று வயது நான்கு மாதம். தலை நின்றது, உட்கார்ந்தது எல்லாமே தாமதம்தான். இரண்டு வயது நெருங்கும்போதுதான் நடந்தான். இப்போது ஏழெட்டு வார்த்தை சொல்கிறான். "செருப்பை எடுத்துட்டு வா" என்றால் எடுத்து வருவான். பாத்ரூம் வந்தால் சொல்லத் தெரியாது. எல்லோரிடமும் சிரித்துக்கொண்டே போவான். வலிப்பு வந்ததில்லை.

பிரசவ வலி நீண்டுபோய், பிறந்து கொஞ்ச நேரம் கழித்துத்தான் அழுதான். மூன்று நாள் பெட்டியில் வைத்திருந்து கொடுத்தார்கள். அப்போதே பால் நன்றாகக் குடித்தான். போன மாதம் காட்டிய டாக்டர், "மூளை வளர்ச்சி கம்மி, பிறந்ததும் அழாததால் வந்தது" என்று சொல்லி டானிக் எழுதிக் கொடுத்தார். அத்தையோ, "அவன் அப்பனும் நாலு வயசுலதான் பேசினான், சும்மா இரு" என்கிறார். நான் கிரகணத்தன்று வெளியே போனதால் வந்தது என்று ஊரில் பேசுகிறார்கள். அடுத்த குழந்தையைப் பெற்றுக்கொள் என்று வீட்டில் நெருக்குகிறார்கள். என் தங்கையையும் என் கொழுந்தனுக்கே பேசிக்கொண்டிருக்கிறார்கள். என் மேல் தப்பா? மருந்தில் சரியாகுமா? அடுத்ததும் இப்படிப் பிறக்குமா?

பதில்:

அன்புள்ள சகோதரி,

உங்கள் மேல் எந்தத் தப்பும் இல்லை. கிரகணத்துக்கும் குழந்தையின் மூளைக்கும் ஒரு தொடர்பும் கிடையாது. கிரகண நாளில் வயலில் வேலை பார்த்த, பஸ்ஸில் போன, ஆஸ்பத்திரியில் டியூட்டி பார்த்த கர்ப்பிணிகள் எத்தனையோ பேர் எந்தக் குறையும் இல்லாமல் பிள்ளை பெற்றிருக்கிறார்கள். இதை வீட்டில் நான் சொன்னதாகவே சொல்லுங்கள்.

மற்ற இரண்டு கேள்விகளுக்கும் பதில் ஒரே இடத்தில்தான் இருக்கிறது. உங்கள் மகனுக்கு இது எதனால் வந்தது என்று இதுவரை யாரும் தேடவே இல்லை. அது தெரிந்தால்தான் மருந்து உண்டா இல்லையா, அடுத்த குழந்தைக்கு என்ன செய்யலாம் என்று சொல்ல முடியும். அதனால் அடுத்த குழந்தையைச் சில மாதம் தள்ளிப்போடுங்கள். மகனுக்கான பயிற்சியை மட்டும் ஒரு நாள்கூடத் தள்ளிப்போடாதீர்கள்.

அத்தை சொல்வதில் கொஞ்சம் உண்மை இருக்கிறது. சில குழந்தைகள் தாமதமாகத்தான் பேசுவார்கள், பிறகு சரியாகிவிடுவார்கள். ஆனால் அவர்களுக்குப் பேச்சு மட்டும்தான் பிந்தும். குறித்த நேரத்தில் உட்கார்ந்து, நடந்து, சொன்னதெல்லாம் புரிந்துகொள்வார்கள். குழந்தைகள் பொதுவாக 18 மாதத்துக்குள் நடந்துவிடுவார்கள், இரண்டு வயதில் "அம்மா வா", "பால் வேணும்" என்று இரண்டு சொல்லைச் சேர்த்துப் பேசுவார்கள். உங்கள் மகனுக்குத் தலை நின்றதிலிருந்து பாத்ரூம் சொல்வது வரை எல்லாமே பிந்தியிருக்கிறது. இதைக் காத்திருந்து பார்க்கக் கூடாது.

அந்த டாக்டர் 'மூளை வளர்ச்சி கம்மி' என்றதை நாங்கள் அறிவுசார் குறைபாடு என்போம். அப்படிச் சொல்ல இரண்டு விஷயம் சேர்ந்திருக்க வேண்டும். யோசிப்பது, கற்பது போன்ற திறன் வயதுக்கு வெகுவாகக் குறைந்திருக்க வேண்டும். அறிவுத்திறனை அளக்கும் ஐக்யூ கணக்கில் இது ஏறத்தாழ 70-க்குக் கீழே. கூடவே சாப்பிடுவது, உடுத்துவது, பிறரோடு பழகுவது மாதிரி அன்றாட வேலைகளிலும் வயதுக்கேற்ற தேர்ச்சி இருக்காது. ஐந்து வயதுக்குள் ஐக்யூ எண் நிலையாக வராது. அதனால் இந்த வயதில் நாங்கள் 'ஒட்டுமொத்த வளர்ச்சித் தாமதம்' என்று மட்டும்தான் எழுதுவோம். எண் எவ்வளவு என்று இப்போது அலைய வேண்டாம். பிற்பாடு குறைபாடு உறுதியானாலும், அப்படி உறுதியானவர்களில் 100-க்கு ஏறத்தாழ 85 பேருக்கு அது லேசான வகைதான். பயிற்சி கிடைத்தால் தன் வேலையைத் தானே பார்த்துக்கொண்டு, ஒரு தொழிலும் கற்றுக்கொள்ள அவர்களால் முடியும். செருப்பை எடுத்து வரச் சொன்னால் எடுத்து வருகிறான், எல்லோரிடமும் சிரித்துப் பழகுகிறான் என்று எழுதியிருந்தீர்கள். நான் அதைச் சந்தோஷத்தோடு படித்தேன். இருந்தாலும், பிறரோடு பழகுவதையும் பேச்சையும் பாதிக்கும் ஆட்டிசம் இருக்கிறதா என்று நேரில் ஒரு முறை பார்த்துவிட வேண்டும்.

முதல் பரிசோதனை காது. கூப்பிட்டால் திரும்புகிறான் என்பது போதாது. பாதி கேட்கிற குழந்தையும் திரும்பும், ஆனால் பேச்சு வராது. பிறந்ததும் பெட்டியில் இருந்த குழந்தைகளுக்குக் காது கேளாமை வரும் வாய்ப்பு கொஞ்சம் அதிகம். 'பெரா' என்ற பரிசோதனையில் குழந்தை தூங்கும்போதே காது நரம்பைச் சோதித்துவிடலாம். கண்ணையும் காட்டிவிடுங்கள்.

அடுத்தது தைராய்டு. பிறவியிலேயே தைராய்டு சுரக்காத குழந்தைக்கு, பிறந்து இரண்டு வாரத்துக்குள் மாத்திரை தொடங்கினால் மூளை மற்ற குழந்தைகளைப் போலவே வளரும். ஒரு சின்ன மாத்திரையைத் தாய்ப்பாலில் கரைத்துக் கொடுப்பதுதான் வைத்தியம், செலவும் மிகக் குறைவு. தவறவிட்டால் அந்த இழப்பு பிற்பாடு முழுதாகத் திரும்பாது. அறிவுசார் குறைபாட்டுக்கான காரணங்களில் இவ்வளவு சுலபமாகத் தடுக்கக்கூடியது வேறு அநேகமாக இல்லை. இந்தியாவில் ஏறத்தாழ ஆயிரம் குழந்தைகளில் ஒன்றுக்கு இது இருந்தும், பிறந்த எல்லாக் குழந்தைக்கும் பரிசோதனை நடப்பதில்லை என்பது எனக்குத் தீராத வருத்தம். உங்கள் மகனுக்கு மூன்று வயது ஆகிவிட்டாலும் இந்த ரத்தப் பரிசோதனையைச் செய்யுங்கள். தைராய்டுதான் காரணமாக இருந்தால், மேற்கொண்டு இழப்பையாவது நிறுத்தலாம்.

இப்போது அந்த 'பிறந்ததும் அழவில்லை' விஷயத்துக்கு வருகிறேன். நம் ஊரில் எந்தக் குழந்தை தாமதமாக வளர்ந்தாலும் பழி முதலில் இதன் மேல்தான் விழுகிறது. பிரசவத்தில் ஆக்ஸிஜன் கிடைக்காமல் மூளை பாதிக்கப்படுவது உண்டு. ஆனால் அப்படிப் பாதிக்கப்பட்ட குழந்தை முதல் சில நாட்களிலேயே அதைக் காட்டிவிடும். துவண்டு மயங்கிக் கிடக்கும், பால் இழுத்துக் குடிக்காது, பல குழந்தைகளுக்கு முதல் ஓரிரு நாளிலேயே வலிப்பு வரும். பின்னாளிலும் அறிவுத்திறன் மட்டும் தனியாகக் குறைவது அபூர்வம். கை கால் விறைப்பாக இருக்கும் மூளை முடக்குவாதமும் பெரும்பாலும் கூடவே வரும். உங்கள் மகன் பால் நன்றாகக் குடித்துக்கொண்டு மூன்றே நாளில் வெளியே வந்திருக்கிறான். வலிப்பு வரவில்லை. கை கால் இறுக்கமாக இருப்பதாகவும் நீங்கள் எழுதவில்லை. கடிதத்தை மட்டும் வைத்து முடிவு சொல்லக் கூடாதுதான். ஆனாலும் பிறந்ததும் அழாததுதான் காரணம் என்பதை நான் ஏற்கத் தயங்குகிறேன். இன்னொன்றும் உண்டு. மரபணுவில் கோளாறு உள்ள குழந்தை சில சமயம் பிறக்கும்போதே துவண்டு, தாமதமாக அழும். அப்போது அழாததே அந்தக் கோளாறின் முதல் அறிகுறி.

இதை இவ்வளவு நீட்டிச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. "அழாததால் வந்தது" என்று ஒருவர் சொல்லிவிட்டால் தேடல் அங்கேயே நின்றுபோகிறது. அது பிரசவத்தில் நடந்த விபத்து, அடுத்த பிரசவத்தைப் பெரிய ஆஸ்பத்திரியில் பார்த்துக்கொண்டால் போதும் என்று குடும்பம் நினைத்துவிடுகிறது. சொந்தத்தில் கல்யாணம் செய்த தம்பதிகள், இரண்டாவது பிள்ளைக்கும் அதே தாமதம் வந்த பிறகு மரபணுப் பரிசோதனை கேட்டு வரும்போது மனசு கனத்துப்போகிறது.

சொந்தத்தில் கல்யாணம் செய்தால் என்ன ஆகிறது என்று பார்ப்போம். ஒவ்வொரு மரபணுவும் நமக்கு இரண்டு பிரதியாக இருக்கிறது, ஒன்று அப்பாவிடமிருந்து, ஒன்று அம்மாவிடமிருந்து. ஒரு பிரதி பழுதாக இருந்தாலும் பல மரபணுக்களில் மற்றொன்று வேலையைப் பார்த்துவிடும், நமக்குத் தெரியவே தெரியாது. இப்படிச் சில பழுதுகள் எனக்கும் இருக்கும், உங்களுக்கும் இருக்கும், ஊரில் எல்லோருக்கும் இருக்கும். அந்நியரை மணந்தால் இருவருக்கும் ஒரே மரபணுவில் பழுது இருப்பது அபூர்வம். அத்தை மகன், மாமன் மகள் என்றால் இருவரும் எட்டில் ஒரு பங்கு மரபணுவைப் பகிர்ந்துகொள்கிறார்கள். தாய்மாமனைக் கட்டினால் நான்கில் ஒரு பங்கு. அதே பழுது இரு பக்கத்திலிருந்தும் வந்து பிள்ளையிடம் சேர வாய்ப்பு கூடுகிறது. 2019-21 தேசியக் குடும்ப நல ஆய்வில் தமிழ்நாட்டில் 100-க்கு 28 பெண்கள் சொந்தத்தில் மணந்திருந்தார்கள். அந்த ஆய்வில் நாட்டிலேயே நாம்தான் முன்னால் நின்றோம்.

இதற்காகப் பதறவும் வேண்டாம். சொந்தமில்லாத தம்பதிகளுக்கே 100 குழந்தைகளில் இரண்டு மூன்றுக்குப் பெரிய பிறவிக் குறை இருக்கிறது. அத்தை மகன், மாமன் மகள் உறவில் அது ஏறக்குறைய இரண்டு மடங்கு. அப்படியும் பெரும்பாலான பிள்ளைகள் நன்றாகவே பிறக்கிறார்கள். ஆனால் இந்தக் கணக்கு முதல் குழந்தைக்குத்தான். ஒரு குழந்தைக்குத் தாமதம் வந்துவிட்ட வீட்டில் கணக்கு மாறிவிடும்.

உங்கள் மகனுக்கு இருப்பது இப்படி இருபுறமும் சேர்ந்து வந்த பழுதானால், ஒவ்வொரு கர்ப்பத்திலும் நான்கில் ஒரு பங்கு ஆபத்து. ஒன்றுக்கு வந்துவிட்டது, அடுத்த மூன்றும் தப்பும் என்று கணக்குப் போடக் கூடாது. ஒவ்வொரு முறையும் அதே நான்கில் ஒன்றுதான். 'ஃப்ரஜைல் எக்ஸ்' என்று ஒரு கோளாறு உண்டு. பரம்பரையாக வரும் அறிவுசார் குறைபாடுகளில் இதுதான் அதிகம் காணப்படுவது. உறவில் கல்யாணம் செய்ததற்கும் இதற்கும் சம்பந்தமில்லை. தாயிடம் வெளியே தெரியாமல் இருந்து மகனுக்கு வரும், ஒவ்வொரு குழந்தைக்கும் அந்த மரபணு போக பாதி வாய்ப்பு. மூன்றாவது ஒரு வகையில் அப்பா அம்மா இருவரிடமும் பழுதே இருக்காது, குழந்தையிடம் புதிதாகத் தோன்றியிருக்கும். டவுன் சின்ட்ரோம் பெரும்பாலும் இப்படித்தான். தாயின் வயது கூடக்கூட வாய்ப்பு கூடும், ஆனால் சின்ன வயதுத் தாய்மாருக்கும் வரும். இந்த வகையில் அடுத்த குழந்தைக்கு வரும் வாய்ப்பு 100-க்கு ஒன்று மாதிரி மிகக் குறைவு. மூன்று வகைக்கும் 100-க்கு 25, 50, 1 என்று எவ்வளவு வித்தியாசம் பாருங்கள். இதில் எது உங்கள் வீட்டுக் கணக்கு என்று தெரியாமல் "பெத்துக்கோ" என்று சொல்வதும் தவறு, "பெத்துக்காதே" என்று சொல்வதும் தவறு.

எனவே காது, தைராய்டு முடிந்ததும் மரபணு மருத்துவரைப் பாருங்கள். வேலூர் சி.எம்.சி.யில் இதற்கென்றே துறை இருக்கிறது. குரோமோசோம் பரிசோதனை, ஃப்ரஜைல் எக்ஸ், தேவைப்பட்டால் எல்லா மரபணுக்களையும் படிக்கும் 'எக்ஸோம்' பரிசோதனை என்று படிப்படியாகப் போவார்கள். கடைசியாகச் சொன்னது செலவு பிடிக்கும். உங்கள் நிலையில் அந்தப் பணத்தை வேறு எதிலாவது மிச்சம் பிடித்தாவது இதில் போடலாம் என்பது என் கருத்து. எல்லோருக்கும் காரணம் கிடைத்துவிடாது. கிடைக்காவிட்டாலும், தேடிய பிறகு அவர்கள் சொல்லும் கணக்கு, ஒன்றும் தேடாமல் எடுக்கிற முடிவைவிட எவ்வளவோ மேல்.

டானிக்கை நிறுத்திவிடலாம். அறிவைக் கூட்டும் மருந்து என்று எதுவும் இல்லை. தைராய்டு குறைவுக்கும், வலிப்புக்கும், உடலின் வேதிமாற்றத்தில் வரும் சில கோளாறுகளுக்கும் மருந்தோ தனி உணவோ உண்டு, அதுவும் காரணம் தெரிந்த பிறகுதான். நாட்டுப் பொடி, பற்பம் என்று யாராவது தந்தால் வாங்காதீர்கள். சிலவற்றில் ஈயமும் பாதரசமும் இருந்திருக்கின்றன. ஈயம் மூளையைக் கெடுக்கிற பொருள்.

மருந்தின் இடத்தில் பயிற்சிதான் இருக்கிறது. அரசின் 'மாவட்ட ஆரம்பநிலை இடையீட்டுச் சேவை மையம்' மாவட்டத் தலைமை மருத்துவமனையிலோ மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலோ இருக்கும். 2013-ல் தொடங்கிய தேசியக் குழந்தைகள் நலத் திட்டத்தில் வந்தது. 18 வயது வரை இலவசம். பேச்சுப் பயிற்சி, இயன்முறை, உளவியல் எல்லாம் ஒரே இடத்தில் கிடைக்கும். அங்கன்வாடி டீச்சரிடமோ கிராமச் செவிலியரிடமோ கேட்டால் சீட்டு எழுதி அனுப்புவார்கள். உங்கள் மாவட்டத்திலேயே ஆய்க்குடியில் அமர் சேவா சங்கம் இருக்கிறது. 1981-ல் எஸ். ராமகிருஷ்ணன் தொடங்கியது. கிராமத்துக் குழந்தைகளுக்கு ஆரம்பநிலைப் பயிற்சி தருவதில் நல்ல அனுபவம் உள்ளவர்கள். அங்கேயும் போய்ப் பாருங்கள்.

வாரத்தில் ஒரு மணி நேரத் தெரபி மட்டும் போதாது, மீதி நேரம் உங்களிடம்தானே இருக்கிறான். குளிக்க வைக்கும்போது "தண்ணி", "சோப்பு", "கை நீட்டு" என்று சின்னச் சின்னச் சொல்லாகச் சொல்லிக்கொண்டே செய்யுங்கள். எதைக் கேட்டாலும் உடனே எடுத்துக் கொடுக்காமல், ஒரு சத்தமாவது வரும்வரை கொஞ்சம் காத்திருங்கள். பாத்ரூமுக்குத் தினமும் ஒரே நேரங்களில் அழைத்துப் போங்கள், எழுந்ததும், சாப்பிட்டதும், தூங்கப் போகும் முன். டவுசர் போடப் பழக்கும்போது கடைசிப் படியை மட்டும் அவனிடம் விடுங்கள். முட்டி வரை நீங்கள் ஏற்றிவிட்டு, இடுப்புக்கு இழுப்பதை அவன் செய்யட்டும். அது வந்த பிறகு அதற்கு முந்தைய படியை விடுங்கள். சாப்பாடு ஊட்ட போன் காட்டும் பழக்கம் இருந்தால் நிறுத்துங்கள். போன் பார்ப்பதால் இந்தக் குறைபாடு வராது, ஆனால் பேச்சு கற்க வேண்டிய நேரத்தை அது தின்றுவிடும்.

அடுத்த கர்ப்பத்துக்கு வருவோம். மரபணு முடிவு எதுவாக இருந்தாலும், கர்ப்பத்துக்கு முன்பே செய்ய வேண்டியவை சில இருக்கின்றன. ஃபோலிக் அமில மாத்திரையைக் கருத்தரிக்கக் குறைந்தது ஒரு மாதம் முன்பே தொடங்க வேண்டும். கருவின் மூளையும் தண்டுவடமும் உருவாகும் குழாய் 28 நாளில் மூடிவிடுகிறது. நாள் தள்ளிப்போய் நாம் சந்தேகப்படுவதற்குள் அந்த வேலை முடிந்துவிடும். ரூபெல்லா தடுப்பூசியையும் கேளுங்கள். கர்ப்ப காலத்தில் இந்த அம்மை வந்தால் குழந்தையின் கண், காது, இதயம், மூளை எல்லாம் பாதிக்கப்படலாம். 2017 பிப்ரவரியில் தமிழ்நாட்டில் 15 வயது வரை எல்லோருக்கும் போட்டபோது நீங்கள் அந்த வயதைத் தாண்டியிருப்பீர்கள். போட்ட பிறகு ஒரு மாதம் கர்ப்பத்தைத் தள்ளிப்போட வேண்டும், கர்ப்பமான பிறகு போடக் கூடாது. தைராய்டு, சர்க்கரை, ரத்த அளவு, ரத்த வகை ஆகியவற்றையும் பார்த்துக்கொள்ளுங்கள். உங்களுக்கு நெகட்டிவ் வகை என்றால், உங்கள் உடல் குழந்தையின் ரத்தத்தை எதிர்க்காமல் தடுக்கும் ஆன்டி-டி ஊசி தவறக் கூடாது. உங்கள் வீட்டிலோ சொந்தத்திலோ வலிப்புக்கு வால்ப்ரோயேட் மாத்திரை சாப்பிடும் பெண் இருந்தால், கர்ப்பத்துக்கு முன்பே டாக்டரிடம் கேட்டு மாற்றிக்கொள்ளச் சொல்லுங்கள். அது கருவின் மூளையைப் பாதிக்கக்கூடியது. தானாக நிறுத்தினால் வலிப்பு வந்து அதைவிட ஆபத்தாகிவிடும்.

உப்பைத் தனியாகச் சொல்ல வேண்டும். தூத்துக்குடி பக்கத்திலேயே இருப்பதால் உங்கள் ஊர்ப் பக்கம் உப்பளத்துக் கல் உப்பு மூட்டையாக வந்து இறங்கும். அதில் அயோடின் கலந்திருக்காது. கர்ப்பிணிக்கு அயோடின் குறைந்தால் வயிற்றுப் பிள்ளையின் மூளை வளர்ச்சி குறையும். உலக அளவில் தடுக்கக்கூடிய மூளைப் பாதிப்புகளில் இதுதான் முதலிடம். பாக்கெட்டில் அயோடின் கலந்தது என்று அச்சிட்ட உப்பையே வாங்குங்கள். அதிலேயே கல் உப்பும் கிடைக்கிறது. மூடி வைத்துப் பயன்படுத்துங்கள்.

மகனின் மரபணுக் கோளாறு எதுவென்று தெரிந்துவிட்டால், அடுத்த கர்ப்பத்தில் 11 வாரத்துக்குப் பிறகு நஞ்சுக்கொடித் திசுவிலோ, 16 வாரத்தை ஒட்டிப் பனிக்குட நீரிலோ அதே கோளாறு இருக்கிறதா என்று பார்க்கலாம். பார்ப்பதா, பார்த்த பிறகு என்ன செய்வது என்பதெல்லாம் நீங்களும் உங்கள் கணவரும் எடுக்க வேண்டிய முடிவு. வேறு யாரும் அதில் உங்களை நெருக்கக் கூடாது.

குழந்தை பிறந்ததும் ஒரு மணி நேரத்துக்குள் தாய்ப்பால். சேனை என்று சர்க்கரைத் தண்ணீர் வைக்க வேண்டாம். இரண்டாம் மூன்றாம் நாளில் குதிகாலில் ஒரு சொட்டு ரத்தம் எடுத்துத் தைராய்டு பார்க்கச் சொல்லி நீங்களே கேட்டு வாங்குங்கள். முதல் 24 மணி நேரத்துக்குள் மஞ்சள் தெரிந்தாலோ, உள்ளங்கை உள்ளங்கால் வரை மஞ்சள் இறங்கினாலோ வெயிலில் காட்டிக்கொண்டு இருக்காதீர்கள். அன்றே ஆஸ்பத்திரிக்குப் போய் லைட் வைக்க வேண்டும். அளவு மீறிய மஞ்சள் மூளையிலும் காது நரம்பிலும் படிந்துவிடும்.

தங்கை கல்யாணப் பேச்சைப் பரிசோதனை முடிவு வரும்வரை நிறுத்திவைக்கச் சொல்லுங்கள். அக்கா தங்கை, அண்ணன் தம்பியைக் கட்டுகிறீர்கள். உங்களிடமும் உங்கள் கணவரிடமும் மறைந்திருக்கும் ஒரே பழுதுதான் மகனுக்கு வந்திருக்கிறது என்றால், அது தங்கையிடம் இருக்கப் பாதி வாய்ப்பு, கொழுந்தனிடம் இருக்கவும் பாதி வாய்ப்பு. அவர்கள் பிள்ளைக்கு வரும் ஆபத்து பதினாறில் ஒன்று. பெயர் தெரிந்த பழுதானால் இருவரின் ரத்தத்திலும் அதைத் தேடிப் பார்த்துச் சொல்லிவிடலாம். ஃப்ரஜைல் எக்ஸ் என்றால், யாரைக் கட்டினாலும் தங்கைக்கும் அந்தப் பரிசோதனை வேண்டும். பெரியவர்களிடம், "வேண்டாம் என்று சொல்லவில்லை, சோதித்துவிட்டுப் பேசலாம்" என்று சொல்லிப் பாருங்கள். பலர் அதற்கு ஒத்துக்கொள்கிறார்கள்.

குறைபாடு உறுதியானால் மாற்றுத்திறனாளிகள் அட்டை வாங்கத் தயங்காதீர்கள். 2016-ம் ஆண்டுச் சட்டப்படி 6 முதல் 18 வயது வரை இலவசக் கல்வி அவன் உரிமை. பராமரிப்பு உதவித்தொகையும், ஒரு லட்சம் ரூபாய் வரையிலான 'நிராமயா' மருத்துவக் காப்பீடும் அந்த அட்டை இருந்தால்தான் கேட்க முடியும்.

மையத்துக்குப் போகும்போது பிரசவ ஆஸ்பத்திரி டிஸ்சார்ஜ் சீட்டு, தடுப்பூசி அட்டை இரண்டையும் எடுத்துக்கொள்ளுங்கள். அவன் விளையாடுவதையும் பேசுவதையும் போனில் சின்ன வீடியோவாக எடுத்து வையுங்கள், புது இடத்தில் குழந்தைகள் வாயே திறக்க மாட்டார்கள். இரு பக்கத்துச் சொந்தத்திலும் பேச்சு வராதவர்கள், படிப்பு ஏறாதவர்கள், சின்ன வயதில் இறந்த குழந்தைகள், பல முறை கரு கலைந்தவர்கள் யார் யார் என்று அத்தையிடம் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். உங்கள் வீட்டில் இது அவருக்குத்தான் நன்றாகத் தெரியும். கணவரையும் அழைத்துப் போங்கள். பாதி மரபணு அவருடையது, ரத்தம் அவரிடமும் எடுக்க வேண்டியிருக்கும்.